நான் சொல்லாமல் விட்ட உவர்மண்

எங்கள் இரண்டு பேரில் கெட்டிக்காரி நான்தான் என்று கல்யாணம் ஆகும்வரை எல்லோரும் சொன்னார்கள். பாளையங்கோட்டையில் மிஷன் பெண்கள் பள்ளியில் தங்கிப் படித்தவள் நான். கணக்கில் முதல், வேதப்பாடத்தில் முதல். என் கணவர் மிஷன் தொழிற்பள்ளியில் இரும்பு வேலை பழகியவர். கல்யாணப் பேச்சு நடந்தபோது என் அத்தை, "பொண்ணு படிச்ச படிப்புக்கு மாப்பிள்ளை சுத்தியலைத் தூக்கிட்டுல்லா அலையுதாரு" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் உள்ளுக்குள் அது எனக்கு இனித்தது. அந்த இனிப்பை நம்பித்தான் நான் அந்த வீட்டுக்குள் போனேன் என்று இப்போது தோன்றுகிறது.

தாழையூத்துப் பக்கம் ஒரு நூல் ஆலையில் அவர் பாய்லர் மேஸ்திரி. ஆலையை ஒட்டிய குடியிருப்பில் எங்களுக்கு இரண்டு அறை. கூப்பிடு தூரத்தில் ஒரு ஓட்டுக் கூரைப் பள்ளிக்கூடம். அதில் நான் வாத்திச்சி. தமிழ், கணக்கு, தையல், பாட்டு எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான்.

அந்த ஊர் மண்ணுக்குக் கீழே எங்கே தோண்டினாலும் சுண்ணாம்புக் கல். கிணற்றுத் தண்ணீர் பார்க்கப் பளிங்குபோல இருக்கும். பருப்பைப் போட்டால் அரை நாள் எரித்தாலும் வேகாது. சவுக்காரம் நுரைக்காது, திரிந்த பால் மாதிரி திட்டுத் திட்டாக மிதக்கும். ஆலையை நடத்துகிற வெள்ளைக்காரத் துரை பங்களாவுக்கு மட்டும் வாரம் இரண்டு முறை தாமிரபரணியிலிருந்து மாட்டு வண்டியில் பீப்பாய்த் தண்ணீர் வரும். துரை வீட்டுப் பருப்பு ஆற்றுத் தண்ணீரில் வேகுமே என்று அந்த வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். என் குணம் அப்படி.

அதே கிணற்றுத் தண்ணீர்தான் பாய்லருக்கும் போயிற்று. தண்ணீர் ஆவியாகிப் போகும், அதிலிருந்த சுண்ணாம்பு போகாது. உள்ளே இரும்புத் தகட்டின் மேல் படிந்து படிந்து கல்லாக இறுகிவிடும். நெருப்புக்கும் தண்ணீருக்கும் நடுவே கல் உட்கார்ந்துகொண்டால் தண்ணீரின் குளிர்ச்சி இரும்புக்குக் கிடைக்காது. இரும்பு பழுத்து உப்பும். முன்பெல்லாம் அதற்குச் சீமையிலிருந்து தகர டப்பாக்களில் ஒரு மருந்து வந்துகொண்டிருந்தது. ஐரோப்பாவில் சண்டை மூண்டு கப்பல் போக்குவரத்து குறைந்ததும் அது நின்றுபோயிற்று. அதன்பிறகு ஒரு வாரம் விட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பாய்லரை ஆறவைத்து, மேலே இருக்கிற துவாரம் வழியாக உள்ளே இறங்கி, சுத்தியலால் கல்லைக் கொத்தி எடுப்பார்கள். அவர் தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக வீடு வருவார். சுண்ணாம்பு மூக்கில் ஏறி இரவு முழுக்க இருமுவார். வேதக்கோவிலுக்கு நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போவேன். போதகர் வாசலில் நின்று, "மேஸ்திரி எங்கம்மா?" என்று கேட்பார். பாய்லருக்குள் இருக்கிறார் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கும்.

அந்த ஐப்பசியில் எங்கள் மகளுக்கு உடம்பெல்லாம் சிரங்கு. ஆவாரம்பட்டையைக் கொதிக்கவைத்துக் குளிப்பாட்டச் சொன்னார்கள். ஆவாரைக்கு அந்தக் கரிசல் காட்டில் பஞ்சமா? வெந்நீர் போடுகிற செம்புத் தவலையில் ஒரு கை பட்டையைப் போட்டேன். அந்தத் தண்ணீர் அப்படியே மேலுக்குப் பட்டால் பிசுபிசுக்கும் என்பதால், துணி வெளுக்க நான் வைத்திருந்த உவர்மண் தெளிவிலிருந்தும் இரண்டு சிரட்டை ஊற்றினேன். வண்ணார்கள் அழுக்கு எடுக்கக் கொண்டுவருகிற காரமான மண்தான் அது. கரைத்துத் தெளியவைத்தால் மேலே வழவழவென்று நிற்கும். அந்த ஊரில் அது இல்லாமல் ஒரு துணி வெளுக்காது.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ தவலையைக் கவிழ்த்தபோது உள்ளே வருஷக்கணக்காகப் பிடித்திருந்த வெள்ளைக் கல் பொருக்குப் பொருக்காகக் கையோடு வந்தது. நகத்தால் சுரண்டினால் போதும். அடியில் செம்பு புதிதுபோலச் சிவந்து தெரிந்தது.

அன்றைக்குச் சோறு போடும்போது அவரிடம் சொன்னேன். "ஆவாரம்பட்டைத் தண்ணியில தவலைக் கல்லு பூராவும் களண்டுட்டு. உங்க பாய்லர்லயும் போட்டுப் பாருங்களேன்."

அவர் சிரித்துவிட்டார். "ஏளா, அது பாய்லரு. உன் வெந்நித் தவலையா?"

நான் பேச்சை விட்டுவிட்டேன். உவர்மண்ணைப் பற்றி அப்போது சொல்லவில்லை. மறைக்க நினைத்து அல்ல, எனக்கே அது நினைவில் இல்லை.

பதினைந்து நாள் போயிருக்கும். பள்ளிக்கூடத்து ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், தோல் பதனிடுகிற ஷாப்புக்குப் பட்டை உரித்துக் கொடுக்கிற பெண்கள் நாலு பேர் தலைச்சுமையோடு ஆலை வாசலுக்குள் நுழைகிறார்கள். எனக்கு மேல் சிலிர்த்தது. அன்று அவர் வந்து சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. நானே கேட்டேன்.

"ஆலைக்குள்ள ஆவாரம்பட்டை போச்சே?"

"ஆமா, பாய்லர்ல போட்டுப் பாக்கச் சொல்லியிருக்காரு துரை."

"துரையா சொன்னாரு?"

"ஆமா." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அதற்கடுத்த முறை பாய்லரைத் திறந்தபோது கல் பாளம் பாளமாக விழுந்து கிடந்ததாம். கூடை கூடையாக அள்ளி வெளியே கொட்டியிருந்தார்கள். கொத்துகிற வேலையே இல்லை. விறகும் கரியும் குறைந்தன. அவருக்கு ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பக் கிடைத்தன. நான் விரும்பியதும் அதுதானே, கோவிலில் என் பக்கத்தில் அவர் உட்கார வேண்டும் என்பது. உட்கார்ந்தார். ஆனால் அதற்குள் எனக்கு வேறொன்று வேண்டியிருந்தது.

புது வருஷப் பிறப்பன்று ஆலை முற்றத்தில் எல்லோரையும் கூட்டி வைத்துத் துரை பேசினார். குமாஸ்தா தமிழில் சொன்னார். "சீமை மருந்து வராம நம்ம ஆலை தவிச்ச நேரத்துல, நம்ம மேஸ்திரி யாரும் சொல்லித் தராம, தன் சொந்த மூளையால யோசிச்சு ஒரு வழி கண்டுபிடிச்சாரு." துரை ஒரு கறுப்புக் கம்பளிக் கோட்டை எடுத்து அவர் தோளில் போட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்தேன். அவர் கண் கூட்டத்தைச் சுற்றி வந்தது. நான் இருந்த இடத்தை மட்டும் தாண்டிப் போயிற்று.

பக்கத்தில் இருந்தவள் என் தொடையைத் தட்டி, "வாத்திச்சியம்மா, உங்க வீட்டுக்காரருக்கு இருக்க மூளை யாருக்கு வரும்!" என்றாள். நான் சிரித்தேன். என் முகத்தில் அந்தச் சிரிப்பு எப்படி இருந்ததோ, அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "எப்படித் தோணிச்சு உங்களுக்கு?"

அவர் கோட்டை மடித்து வைத்துக்கொண்டே, "என்னமோ தோணிச்சு. கர்த்தர் குடுத்த புத்தி" என்றார்.

அவர் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. தவலைப் பேச்சை அவர் உண்மையிலேயே மறந்துவிட்டாரா, மறக்க விரும்பினாரா என்று எனக்கு அப்போது தெரியவில்லை. மறந்திருந்தால் அது இன்னும் மோசம் என்றுதான் அன்றைக்கு எனக்குப் பட்டது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எதைப் பார்த்தாலும் எனக்கு எரிச்சல். வேர்த்துக் கொட்டுகிற வெயிலில் அந்தக் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு கோவிலுக்கு வருவார். போதகர் ஜெபத்தில் அவர் பெயரைச் சொல்லி ஸ்தோத்திரம் செய்வார். நான் ஆமென் சொல்லமாட்டேன். பாட்டில் அவர் குரலை அமுக்கும்படி நான் உரக்கப் பாடுவேன். பள்ளிக்கூடத்தில் ஒரு பையன், "மேஸ்திரி வீட்டு வாத்திச்சி" என்று என்னைச் சொன்னதற்காக அவனை முட்டி போட வைத்தேன். அதற்கு முன்னால் அவர்தான் 'வாத்திச்சி வீட்டு மேஸ்திரி'.

தை மாதத்தில் ஒருநாள் நான் முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் வந்து எதிரே உட்கார்ந்தார். தூத்துக்குடியில் வேறொரு ஆலைக்காரர் இந்த மருந்தைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறாராம். துரை விவரமாக எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்.

"அன்னிக்கு நம்ம தவலையில பட்டை மட்டுந்தான போட்ட? வேற எதும் கலந்தியா?"

ஆக, தவலை அவருக்கு நினைவில் இருந்தது!

என் கை நின்றது. அந்த நொடியில்தான் உவர்மண் தெளிவும் என் நினைவுக்கு வந்தது. இரண்டு சிரட்டை. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "நீ சொன்னதுதான்னு துரைகிட்டச் சொல்லுதேன்" என்று அவர் ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் கொட்டியிருப்பேன். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார்.

"பட்டை மட்டுந்தான்" என்றேன்.

கர்த்தர் கொடுத்த புத்தியில் உவர்மண்ணும் சேர்ந்து வரட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அதனால் கேடு வரும் என்று எனக்குத் தெரியாது. தூத்துக்குடியில் அவர் மருந்து சரியாக வேலை செய்யாமல் போய், பெயர் கொஞ்சம் மங்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அவ்வளவு சின்ன ஆசை.

மாசியில் ஒருநாள் அவர் ஒரு போத்தலில் பாய்லர்த் தண்ணீர் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "பாத்தியா, அழுக்கெல்லாம் எப்படிக் கக்குதுன்னு."

தண்ணீர் கன்னங்கரேலென்று இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் நீலம் ஓடியது. அந்த நிறத்தை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு மை காய்ச்சுகிறவள் நான். கடுக்காய்த் தோலை ஊறவைத்து, அதில் அன்னபேதி என்கிற இரும்பு உப்பைப் போடுவேன். அன்னபேதி கிடைக்காதபோது துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு வைப்பேன். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை.

மறுநாள் பிள்ளைகள் வருவதற்கு முன் பேனாக் கட்டையை அந்தப் போத்தலில் தோய்த்து ஒரு காகிதத்தில் 'அ' எழுதினேன். காய்ந்ததும் கறுத்து நின்றது. ஆவாரம்பட்டையில் துவர்ப்பு இருக்கிறது, சரி. இதில் யார் ஆணி போட்டது? பாய்லருக்குள் பாய்லரைத் தவிர வேறு இரும்பு ஏது?

எல்லாம் ஒன்றாகப் புரிந்துவிட்டது. வெறும் பட்டைத் தண்ணீர் உள்ளே புளித்துப் போகிறது. சுண்ணாம்புக் கல் இருந்தவரை அந்தப் புளிப்பு கல்லைத் தின்றது. கல் தீர்ந்ததும் இரும்பைத் தின்கிறது. என் தவலையில் உவர்மண்ணின் காரம் புளிப்பை அடக்கியிருந்தது.

புரிந்ததும் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் அல்லவா? நான் போத்தலை மூடி அலமாரியில் வைத்தேன். அவருடைய சொந்த மூளையின் கண்டுபிடிப்பு கெட்டுக்கொண்டிருக்கிறது. அது இந்த உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும். அந்த எண்ணத்தை மிட்டாய்போல ஒதுக்கி வைத்துச் சுவைத்தேன். அவராக என்னிடம் வருவார், கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, "என்ன செய்யலாம், சொல்லு" என்று கேட்பார், அப்போது சொல்லலாம். ஒன்பது நாள் அப்படிப் போயிற்று. அந்த ஒன்பது நாளும் நான் பிள்ளைகளுக்கு வேதப்பாடம் சொல்லிக்கொடுத்தேன்.

பத்தாம் நாள் மத்தியானம், பிள்ளைகள் சோற்றுக்குப் போயிருந்த நேரத்தில், காயல்பட்டினத்துக்காரர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். அவர் என் கணவருக்குக் கீழே நெருப்புப் போடுகிறவர். அதற்கு முன் கொழும்பு, ரங்கோன் போகிற நீராவிக் கப்பல்களில் பல வருஷம் வேலை பார்த்தவர். சண்டையினால் கப்பல் வேலை போய் ஆலைக்கு வந்திருந்தார். வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். அதிகம் பேசமாட்டார்.

"வாத்திச்சியம்மா, நான் சொன்னா மேஸ்திரி கேக்க மாட்டேங்குறாரு. நீங்க சொல்லுங்க."

"என்ன சொல்லணும்?"

"கப்பல்ல நாங்க சோடாக்காரம் சேக்காம எந்த மருந்தும் பாய்லர்ல விடமாட்டோம். தண்ணி புளிச்சுதுன்னா தகட்டைத் தின்னுரும். ரெண்டு தடவ சொல்லிட்டேன். 'நீரு கப்பலப் பாத்தவரு, நான் பாய்லரைப் பாத்தவன்'னுட்டாரு."

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. இவருக்கும் தெரிந்திருக்கிறதே என்ற எரிச்சல்தான். நான் ஒன்பது நாள் பொத்தி வைத்திருந்த ரகசியம் எனக்கு மட்டும் உரியதாகக்கூட இல்லை. கப்பலில் கரி அள்ளிப் போட்ட ஒருவர் அதைச் சாதாரணமாக வாசலில் நின்று சொல்கிறார்.

அவர் போகவில்லை. செருப்பால் மண்ணைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"நேத்துலேர்ந்து நெருப்பு வாசலுக்கு மேல, தகட்டச் சேக்குற ஆணியில ஈரம் கசியுதும்மா. பழைய கல்லு அடச்சிட்டிருந்த இடமெல்லாம் இப்பத் தொறந்துட்டு. மேஸ்திரி அதுக்கு நேராத்தான் முக்காலி போட்டு உக்காந்திருக்காரு. அல்லா காப்பாத்தணும்."

அப்போதுதான் பயம் வந்தது. அதற்குள் திரும்பி வந்துவிட்ட பிள்ளைகளை அப்படியே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து போத்தலையும், 'அ' எழுதிய காகிதத்தையும் எடுத்துக்கொண்டு காயல்காரருக்கு முன்னால் நடந்தேன். ஆலை வாசலில் காவல்காரர் ஏதோ கேட்டார். நான் நிற்கவில்லை.

பாய்லர் அறைக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. சூடு முகத்தில் அறைந்தது. கோட்டு ஓர் ஆணியில் தொங்கிற்று. அவர் முக்காலியில் உட்கார்ந்து கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே, ஒரு ஆணித் தலையைச் சுற்றித் துருநிறத்தில் ஈரம் ஒழுகி வந்திருந்தது.

"இங்க எதுக்கு வந்த?"

"முதல்ல அங்கன இருந்து எந்திரிங்க."

எழுந்தார். நான் காகிதத்தை நீட்டினேன். "இது உங்க பாய்லர்த் தண்ணி. இதுல எழுதினேன். மை. உங்க பாய்லரோட இரும்பு இதுல கரைஞ்சிருக்கு. அன்னிக்குத் தவலையில பட்டையோட உவர்மண் தெளிவும் ஊத்தினேன். நீங்க கேட்டப்ப மறைச்சேன்."

அவர் காகிதத்தைப் பார்த்தார். ஆணியைப் பார்த்தார். என்னைப் பார்க்க நேரம் ஆயிற்று.

"ஏன் சொல்லல?"

"நீங்க என்னைச் சொன்னியளா?"

காயல்காரர் முகத்தைக் கரிக் குவியல் பக்கம் திருப்பிக்கொண்டார். நெருப்பு இரைந்துகொண்டிருந்தது. என் கணவர் என்னை அடிப்பார் என்று ஒரு கணம் நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குச் சௌகரியமாகப் போயிருக்கும். அவர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நெருப்ப வெளிய வாரிப் போடுங்க வே" என்று காயல்காரரிடம் சொன்னார்.

பாய்லர் நின்றது. ஆலை நின்றது. பகல் வேளையில் அந்தச் சத்தம் நின்றதும் ஊர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நூற்கிற பெண்கள் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். துரை தொப்பி இல்லாமல் ஓடிவந்தார். பின்னால் குமாஸ்தா.

என் கணவர் நிமிர்ந்து நின்று சொன்னார். "பட்டை போடலாம்னு சொன்னது என் வீட்டுக்காரி. நான் மறைச்சிட்டேன். காரம் சேக்கணும்னு கப்பல்காரரு சொன்னாரு, நான் கேக்கல. தப்பு என்னுது."

நான் மறைத்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைக் காப்பாற்றிவிட்டார். எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். ஆனால் எனக்குத் தோன்றியது இதுதான்: கண்டுபிடித்த பெருமையை எடுத்துக்கொண்டார், இப்போது குற்றத்தை ஒப்புக்கொள்கிற பெருமையையும் அவரே எடுத்துக்கொள்கிறார். எனக்கு எதையும் மிச்சம் வைக்கவில்லை.

குமாஸ்தா அதை இங்கிலீஷில் சொன்னார். துரை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். எனக்கு இங்கிலீஷ் தெரியும். குமாஸ்தா தமிழில் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பொம்பளைகளை யார் பாய்லர் அறைக்குள் விட்டது என்று கேட்டார். நான் நாலு மாதம் ஏங்கிக் கிடந்த வார்த்தை என் கணவர் வாயிலிருந்து எல்லோர் முன்பாகவும் வந்து, அப்படிக் காற்றில் போயிற்று.

இரண்டு நாள் ஆறவிட்டுத் திறந்தார்கள். கல் ஒரு துளிகூட இல்லை. வழவழப்பாக இருந்திருக்க வேண்டிய தகடு முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி குழி. காயல்காரர் ஒரு ஆணித் தலையைச் சுத்தியலால் லேசாகத் தட்டினார், அது கழன்று உள்ளே விழுந்தது. பாய்லர் இன்ஸ்பெக்டர் சென்னையிலிருந்து வந்து, உள்ளே படுத்து ஊர்ந்து, ஒவ்வொரு தகடாகத் தட்டிக் கேட்டார். இரண்டு இடத்தில் ஒட்டுத் தகடு வைக்க வேண்டும், இனி ஆவியின் அழுத்தத்தைக் குறைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். ஒரு வாரம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என் கணவர் கேட்டாராம். இன்ஸ்பெக்டர் தண்ணீர் வாங்கிக் கையைக் கழுவிக்கொண்டாராம். தூத்துக்குடி ஆலைக்குப் பாய்லர் நின்ற அன்றைக்கே தந்தி போயிற்று. அவர்கள் இன்னும் பட்டை வாங்கத் தொடங்கவில்லை என்று பதில் வந்தது. அந்தப் பதில் வருகிறவரை நான் சாப்பிடவில்லை.

அவரை வேலையை விட்டுத் தள்ளவில்லை. ஆனால் மருந்துப் பொறுப்பைத் துரை காயல்காரரிடம் கொடுத்துவிட்டார். சோடாக்காரம் கடையில் கிடைக்கவில்லை. உவர்மண்தான் என்று முடிவாயிற்று. காயல்காரர் தெளிவை விரலில் தொட்டு நாக்கில் வைத்து, "உப்பும் கொஞ்சம் இருக்கு. பரவால்ல, நாங்க கடல் தண்ணியையே பாத்தவங்க" என்றார். கப்பல் வழக்கப்படி துத்தநாகத் துண்டுகளையும் பாய்லருக்குள் கட்டித் தொங்கவிட்டார். தகட்டைத் தின்ன வருவது முதலில் அதைத் தின்னட்டும் என்பது கணக்கு.

ஆனால் எவ்வளவு காரம் சேர்ப்பது? குறைந்தால் இரும்பைத் தின்னும். கூடினால் உள்ளே நுரைத்து, தண்ணீர் ஆவியோடு எழும்பி எஞ்சினுக்குள் போய்விடும். காயல்காரர் வழவழப்பை விரலால் தேய்த்துப் பார்த்துச் சொல்வார். ஒருநாள் சரியாக இருக்கும், ஒருநாள் இராது.

அதற்கு வழி சொன்னது நான். இதை அழுத்தமாகவே எழுதுகிறேன். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்று தெரியாத பெண் உண்டா? பள்ளிக்கூடத்துக் காகிதத்தை மஞ்சள் கரைசலில் தோய்த்து நிழலில் காயவைத்தேன். துண்டு துண்டாக நறுக்கினேன். பாய்லர்த் தண்ணீரில் ஒரு துண்டை நனைத்தால், மஞ்சளாகவே நின்றால் காரம் போதாது. செங்கல் நிறத்துக்கு வந்தால் சரி. குங்குமம்போலச் சிவந்தால் அதிகம். தினமும் காலையில் மணி அடிப்பதற்கு முன் காயல்காரர் போத்தலைக் கொண்டுவருவார். ஆறிய தண்ணீர் தேயிலைச் சாயம்போலப் பழுப்பாக இருக்கும், கறுப்பு இல்லை. நான் துண்டை நனைத்துப் பார்த்து, "இன்னைக்கு ரெண்டு சட்டி கூட ஊத்துங்க" என்பேன். அவர் தலையசைத்துவிட்டுப் போவார். என் வார்த்தைக்கு ஒரு பாய்லர் கட்டுப்பட்டு நடந்தது.

வீட்டில் அவர் பேசுவது குறைந்துபோயிற்று. சண்டை இல்லை. சாப்பிடுவார், குழந்தையைக் கொஞ்சுவார், படுப்பார். கோட்டைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். காலையில் காயல்காரர் போத்தலோடு வருகிற நேரத்தில் மட்டும் அவர் எங்கேயாவது ஒரு மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். ஜன்னல் வழியாகப் பட்டைச் சுமையைப் பார்த்த என் பார்வை அது. அவர் அப்படி நிற்பது எனக்குச் சுகமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூன்று மாதம் அந்தச் சுகத்தில் இருந்தேன்.

ஆடிக் காற்று தொடங்கிய சமயத்தில் காயல்காரருக்குக் கப்பலில் மறுபடி வேலை கிடைத்தது. சொல்லிக்கொள்ள வந்தார். "வாத்திச்சியம்மா, மஞ்சத் தாளு நாலு குடுங்க. கப்பல்ல எஞ்சினீயரு தொரைகிட்டக் காட்டணும்." ஒரு கட்டே கொடுத்தேன். "யாரு சொல்லித் தந்ததுன்னு கேட்டா?" என்றேன். "எங்க ஊரு ஆலையில ஒரு வாத்திச்சியம்மான்னு சொல்லுவேன்" என்றார். இவ்வளவு காலத்தில் அப்படிச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அவர் போன திசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலையில் போத்தலை என் கணவர் கொண்டுவந்தார். மேசையில் வைத்தார். நான் துண்டை நனைத்தேன். "சரியா இருக்கு" என்றேன். போய்விட்டார். இப்படி ஒரு மாதம். பிறகு ஒருநாள் போத்தல் வரவில்லை. மணி அடித்துவிட்டேன், பாடம் நடத்த மனம் ஓடவில்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்தவரிடம், "இன்னைக்குத் தண்ணி கொண்டுவரலியே?" என்று கேட்டேன்.

"பாத்துட்டேன். செங்கல் நிறந்தான். வழக்கமா ஊத்துற ஒரு சட்டிதான் ஊத்தினேன்."

"தாளு?"

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு கட்டு எடுத்து மேசையில் வைத்தார். மஞ்சள் தாள்கள். தாமே தோய்த்து, காயவைத்து, நறுக்கியிருக்கிறார். என் துண்டுகள் கோணல்மாணலாக இருக்கும், மஞ்சள் திட்டுத் திட்டாக நிற்கும். இவை அளவெடுத்து வெட்டினவை. ஓரம் பிசிறில்லை. நிறம் ஒன்றுபோல. இரும்பு வேலை பழகின கை.

"தாளு எங்க கிடைச்சுது?"

"உன் பழைய நோட்டுலதான். கேக்கலாம்னு நினைச்சேன்." கட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு, "நீதான் சொல்லிக்குடுத்தன்னு துரைகிட்டச் சொல்லிட்டேன்" என்றார்.

"அவரு என்ன சொன்னாரு?"

"தலையை ஆட்டினாரு."

எனக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் இருக்கத்தான் செய்தது. ஆனால் என் கண் அந்தக் கட்டை விட்டு நகரவில்லை. இவ்வளவு நேர்த்தியாக எனக்குச் செய்ய வராது. நாளையிலிருந்து அந்தப் போத்தல் என் மேசைக்கு வராது.

அவர் கை கழுவப் போனார். நான் அந்தக் கட்டிலிருந்து பத்துத் துண்டுகளை உருவி என் வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். பிறகு இலையைப் போட்டேன்.